கொம்பு முதலில் வந்தது

பொங்கலுக்கு முன்னால் கடைக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று பரணைக் காலி செய்தோம். உடைந்த கீபோர்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பன், யாரோ வாங்கிப்போக மறந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று ஒவ்வொன்றாக இறங்கியதில், அல்வாக் கடை அட்டைப்பெட்டி ஒன்றும் வந்தது. உள்ளே ஓ.எச்.பி. ஷீட்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் சரக்கென்று சத்தம். மேல் ஷீட்டின் எழுத்தில் பாதி, கீழ் ஷீட்டோடு போய்விட்டது. பெட்டியின் மூலையில் ஒரு ஸ்பிரிட் குப்பி. மூடியைத் திருகினேன். உள்ளே ஒன்றும் இல்லை, வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

வேலைக்கு நிற்கும் பையன் ஒரு ஷீட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது யாரு எக்ஸ்ரே அண்ணாச்சி?" என்றான்.

"எக்ஸ்ரே இல்லடே. பாடம்."

அவனுக்குப் புரியவில்லை. பவர்பாயிண்ட்டை அவன் போனிலேயே திறந்து, பெருவிரலால் பெட்டியை இழுத்து, எழுத்தை ஊதிப் பெரிதாக்குகிறவன். அந்தப் பெட்டிக்கு ஒரு காலத்தில் ஸ்பிரிட்டும் பஞ்சும் தேவைப்பட்டன என்றால் எப்படி நம்புவான்?

பாளையங்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்தவனுக்குச் சோற்றுக்குக் கவலை இல்லை என்று அப்போது சொல்வார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம், எழுந்தால் ஒரு கல்லூரி. ஹைகிரவுண்டுப் பக்கம் போனால் மருத்துவக் கல்லூரி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். நாளைக் காலை செமினார், இன்று இரவு ஷீட் வேண்டும். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் எழுதித் தரவும் சொல்வார்கள். ஓ.எச்.பி. பேனாவில் இரண்டு சாதி உண்டு. ஒன்று தண்ணீர் பட்டால் அழியும், இன்னொன்று அழியாது. அழியாததை அழிக்கத்தான் ஸ்பிரிட். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் தவறான வார்த்தை ஊதா நிறத்தில் பஞ்சுக்கு ஏறிவிடும். ஷீட்டுக்கு அடியில் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஒரு ஷீட்டுக்கு ஏழெட்டு வரிக்கு மேல் போனால் பின் பெஞ்சுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் பெரியப்பா. அவர் பெயிண்டர். கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், தேர்தல் வந்தால் சுவர், இவற்றோடு சினிமா தியேட்டருக்கு ஸ்லைடும் எழுதுவார். இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்லைடு என்றால் கம்ப்யூட்டர். எங்களுக்கு அது உள்ளங்கை அளவு கண்ணாடி. படம் தொடங்குமுன் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சித்த வைத்தியசாலை விளம்பரங்கள் எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் திரைக்கு வரும். பெரியப்பா கண்ணாடியில் கறுப்பு மையைப் பூசிக் காயவைத்து, ஊசியால் கீறுவார். கீறிய இடத்தில் வெளிச்சம் புகுந்து, திரையில் ஆள் உயரத்துக்கு வெள்ளை எழுத்தாக நிற்கும். ஊசி கொஞ்சம் வழுக்கினால் திரையில் அது கால்வாய் அகலம்.

எழுதத் தொடங்குமுன் அவர் எழுத்துகளை எண்ணுவார். நடு எழுத்தைக் கண்டுபிடித்து அதைக் கண்ணாடியின் நடுவில் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போவார். சுவராக இருந்தால் நீலம் தடவிய நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டுவோம். ஒரு முனை என் கையில். நூல் சுவரில் பட்டென்று அடித்து ஒரு கோட்டை விட்டுவிட்டுப் போகும். இன்று 'சென்டர்' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை என் உதட்டில் ஓடும், ஏன் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். பட்டு, பருத்தி, கல்யாணக் கூறைப் புடவை, சூட்டிங், சர்ட்டிங், நம்பிக்கை, நாணயம், எதிரே பஸ் ஸ்டாப். பெரியப்பா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "எடம் இவ்வளவுதான் மொதலாளி. எதை விடணும்னு நீங்களே சொல்லிருங்க." முதலாளி வெகுநேரம் யோசித்தார். பட்டும் பஸ் ஸ்டாப்பும் தங்கின. நாணயம் போய்விட்டது.

எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் பவர்பாயிண்ட் 97 இருந்தது. முதலில் அதையும் ஷீட் போடத்தான் பயன்படுத்தினோம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது பிறந்ததே அதற்காகத்தான். ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. 1987இல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளையில். ஓ.எச்.பி. ஷீட்டுக்கான பக்கங்களை அச்சடித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. வந்த சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. ஆக, புரொஜெக்டரும் வண்ணமும் பறந்து வரும் எழுத்தும் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அடியில் இருப்பது ஒரு ஷீட், அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் எழுத்து.

லேசரில் ஷீட் போட அதற்கென்று சூடு தாங்கும் ஷீட் வாங்க வேண்டும். பைண்டிங் அட்டைக்கு மேல் போடும் சாதாரணப் பிளாஸ்டிக் ஷீட்டை ஜெராக்ஸ் மெஷினில் விட்டு, அது உள்ளே உருகி உருளையில் சுற்றிக்கொண்டு, மெக்கானிக் மதுரையிலிருந்து வரவேண்டியதாகிப்போன கதை அந்தத் தெருவில் பிரசித்தம். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், இன்னும் நடக்கிறது.

டெக்ஸ்ட் பாக்ஸ் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதற்கான பொத்தானை அழுத்திவிட்டு ஸ்லைடில் சும்மா ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி வரும், ஆனால் அதற்குக் கரை கிடையாது. அடிக்க அடிக்க ஒரே வரியாக நீண்டுகொண்டே போகும். தட்டாமல் இழுத்து, அகலத்தை நாமே வகுத்துக் கொடுத்தால்தான் வரி மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். தட்டினார், அடிக்கத் தொடங்கினார். சிலப்பதிகாரத்தில் நகர வாழ்க்கை பற்றிய வாக்கியம். எழுவாய் ஸ்லைடுக்குள் இருந்தது. செயப்படுபொருள் ஸ்லைடின் விளிம்பில் நின்றது. பயனிலை எங்கோ வெளியே போய்விட்டது.

"எங்கவே போகுது இது?" என்றார்.

"கரை கட்டலை சார்."

மறுபடி இழுத்துக் காட்டினேன். அவர் இழுத்த பெட்டி ஒல்லியாக அமைந்துவிட்டது. 'குறிப்பிடப்பட்டிருக்கின்றன' என்ற ஒரே சொல்லுக்கு ஒரு வரி போதவில்லை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டி இது. நம் சொல் நீளம், எழுத்து அகலம், மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரத்தின் வாலும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ' தலையில் உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் ஆபீஸோடு வருகிற வார்ப்பில் வரி இடைவெளி 0.9 என்றுதான் வைத்திருக்கிறார்கள். தமிழ் ஸ்லைடு எது வந்தாலும் முதல் வேலையாக அதை 1.1 ஆக்குவேன். இரண்டாவது வேலை, இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டுகிற 'ஜஸ்டிஃபை'யை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் சேர்ப்பது. மூன்றாவது, பெட்டியின் உள்ஓரம். கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு பக்கமும் 0.25 செ.மீ. ஒதுக்கிவைத்திருக்கும். படத்துக்குக் கீழே பெட்டியை நேராக வைத்த பிறகும் எழுத்து மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பது அதனால்தான். அதைச் சுழியமாக்கினால் எழுத்து படத்தின் விளிம்போடு சேரும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரியப்பா கவனிப்பார்.

பேராசிரியர் நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் ஸ்லைடோடு வரும் கட்டம் எதையும் தொட மாட்டார், அது 'வந்தேறி'. எல்லாவற்றையும் தானே இழுத்த பெட்டிகளில் போட்டார். கடைசியில் சுருக்கம் ஒன்று வேண்டும் என்று அவுட்லைன் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். வெறும் தாள்தான் வந்தது. ஓரத்தில் ஸ்லைடு எண்கள் மட்டும். நாமாக இழுக்கிற பெட்டியில் உள்ளதை அவுட்லைன் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, கூடவே வந்த கட்டத்தில் அடித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். "ரேஷன் கார்டுல பேரு இல்லங்கானா?" என்று கேட்டுவிட்டு, தலைப்புகளையாவது பதிந்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்தார்.

இதெல்லாம் சின்னத் தொல்லை. பெரிய தொல்லை எழுத்துரு. ஆளுக்கொரு தமிழ் இருந்த காலம் அது. பாமினி, அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார், வேறு ஏதேதோ. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. ஆனாலும் எங்கள் தெருவில் பாமினிதான் ஆண்டது. தட்டச்சுப் பள்ளியில் தமிழ் ஹையர் முடித்த பிள்ளைகளின் விரலுக்கு அது அப்படியே பொருந்தும்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வைவாவுக்காக நாற்பது ஸ்லைடு போட்டு வாங்கிப் போனாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன்.

"அண்ணாச்சி, எல்லாம் இங்கிலீஷா வருது! ஒண்ணும் புரியலை. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி..."

"அதுதான்மா 'தமிழ்'," என்றேன்.

உண்மையிலேயே அதுதான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற சொல் அந்த நான்கு ஆங்கில எழுத்தாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் தெரியும். எழுத்துருவைக் கோப்போடு சேர்த்தே சேமிக்க ஒரு வசதி உண்டு, எழுத்துருவைச் செய்தவர் அதற்கு அனுமதி வைத்திருந்தால். அந்தப் பிள்ளை பைக்குள் ஓ.எச்.பி. ஷீட்டும் ஒரு செட் வைத்திருந்தாள், நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பியிருந்தேன். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய மெஷினைத் தூசி தட்டி வைவா நடந்து முடிந்தது. சாயங்காலம் வந்து லாலா கடை மிக்சர் பொட்டலம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தமிழ் வரிகளை எல்லாம் படமாக மாற்றி ஸ்லைடில் ஒட்டிக் கொடுத்தோம். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். ஆனால் படத்தில் ஒற்றுப்பிழை திருத்த முடியாது. கடைசி நேரத்தில் ஒரு வல்லினம் மிக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டால், அந்த ஒரு 'க்'குக்காக பஸ் ஏறித் திரும்பக் கடைக்கு வரவேண்டும். வந்தவர்கள் உண்டு.

வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது பணி நிறைவு விழா. ஓர் அலுவலகக் கண்காணிப்பாளருக்குச் செய்தோம். டைப்பிஸ்டாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர், கண்டிப்பானவர். கோப்பில் ஒரு கமா பிசகினாலும் திருப்பி அனுப்புவாராம். டைப்பிஸ்டு ஆயிற்றே என்று நம் கடைப் பிள்ளைக்கு ஒரு யோசனை. பவர்பாயிண்ட்டில் அப்போது சத்தங்களுக்குப் பஞ்சம் இல்லை, கைதட்டல், கண்ணாடி உடைவது, பிரேக் போடுவது, டைப்ரைட்டர். டைப்ரைட்டர் சத்தத்தோடு அவர் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்து விழும்படி வைத்தாள். பெயர் 'கோ'வில் தொடங்கும்.

கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். விளக்கை அணைத்தார்கள். நீலத் திரையில் 'டக்'கென்று ஒரு சத்தம். பாமினியில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயேதான் உள்ளேயும் இருக்கும். அதனால் 'க' வருமுன், அதன் இரட்டைக் கொம்பு மட்டும் தன்னந்தனியாக வந்து திரை நடுவில் நின்றது. 'டக்'. பிறகு 'க'. 'டக்'. பிறகு கால். ஆனால் அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சாருக்குக் கொம்பு மொளைச்சிட்டுடே!"

மண்டபமே சிரித்தது. நான் புரொஜெக்டர் பக்கத்தில் வியர்த்து நின்றேன். பாராட்டுப் பெறுபவர் எழுந்தார், மைக்கைக் கேட்டார். "சர்வீஸ் பூரா இருந்த கொம்புதான். இன்னைக்குத்தான் வெளிய தெரியுது" என்றார். அப்படி ஒரு கைதட்டலை எந்த ஸ்லைடுக்கும் நான் கேட்டதில்லை. கைதட்டல் சத்தம் போட்டிருந்த கடைசி ஸ்லைடு அதற்குப் பிறகு எடுபடவே இல்லை.

2010இல் அரசே யூனிகோடுக்கு ஆணை போட்ட பிறகு இந்தக் கொம்புக் கதைகள் முடிந்தன. அதில் உள்ளே மெய்யெழுத்து முன்னால், குறி பின்னால். திரையில் இரண்டும் சேர்ந்தே வரும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர் என்ற பயமும் போயிற்று. லதாவோ நிர்மலாவோ ஏதாவது ஒன்று விண்டோஸோடு வந்துவிடும். பெட்டியைத் தேர்ந்து காலிப்ரி என்று மாற்றினால் ஆங்கிலம் மட்டும் உடை மாற்றிக்கொள்ளும், தமிழ் அசையாது. காலிப்ரியில் தமிழே இல்லை. இது தெரியாமல் இருபது எழுத்துருவை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

எனக்கு மனத்தாங்கல் எல்லாம் 'ஆட்டோஃபிட்' மேல்தான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைந்தது. கட்டத்தில் இடம் தீர்ந்தால் அது நம்மைக் கேட்காமல் எழுத்தைச் சுருக்கிவிடும். 32இல் தொடங்கிய வரி 28 ஆகும், 24 ஆகும், பத்தி பத்தியாக ஒட்டினால் 12க்கும் இறங்கும். வசதிதான். ஆனால் அது வந்த பிறகு யாரும் என்னிடம் எந்த வரியை எடுக்கலாம் என்று கேட்டதில்லை. அதுவரை இடம் தீர்ந்தால் கடையில் ஒரு விவாதம் நடக்கும். டீ வரும். ஒரு வாக்கியம் பாதியாகும். சிலசமயம் தன் கட்டுரை எதைப் பற்றியது என்று அந்தப் பேச்சில்தான் மாணவனுக்கே தெளியும். இப்போது ஒட்டு, சுருங்கட்டும், சேவ்.

எழுத்தின் அளவு சும்மா அழகுக்கு என்று நினைப்பவர்களிடம் கொலம்பியா விண்கலத்தைச் சொல்வேன். 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்த விபத்து. ஏவும்போது நுரைப்பொருளின் துண்டு ஒன்று உடைந்து இறக்கையில் மோதியது. கலம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் பிரித்துப் பார்த்ததை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே சேர்த்தது. தலைப்பு பெரிய எழுத்தில் தைரியம் சொல்கிறது. அதற்குக் கீழே படிப்படியாக உள்தள்ளி, எழுத்தும் சிறுத்து, ஆகக் கடைசியில் ஒரு வரி. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியது 1920 கன அங்குலம். 640 மடங்கு. தலைப்பாக இருந்திருக்க வேண்டியது அடிவரியில் கிடந்தது.

போன கோடையில் பக்கத்துக் கிராமத்தில் சுடலைமாடன் கோயில் கொடை. இப்போது கொடைக்கு வில்லுப்பாட்டு, கணியான் கூத்தோடு எல்.இ.டி. திரையும் வந்துவிட்டது. வரி கொடுத்தவர்கள், உபயதாரர்கள் பெயர் இரவெல்லாம் அதில் ஓட வேண்டும். கமிட்டிப் பையன் ஒருவன் போனிலேயே செய்துவிட்டான். ஒரு ஸ்லைடுக்கு எட்டுப் பெட்டி, எட்டும் ஒரே அளவு, பெட்டிக்கு ஒரு தலைக்கட்டு. முதல் நாள் ராத்திரி ஒத்திகை ஓட்டிப் பார்த்ததில் தகராறு வந்து, லேப்டாப்போடு என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, அம்பதாயிரம் குடுத்தவரு பேரு எறும்பு கணக்கா இருக்கு. ஐந்நூறு குடுத்தவன் பேரு ஆனை கணக்கா நிக்கி. இது நாயமா?" பம்பாயில் கடை வைத்திருக்கும் உபயதாரரின் மச்சினர்தான் கேட்டார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

திறந்து பார்த்தேன். ஐந்நூறு ரூபாய்க்காரர் தன் பெயரை மட்டும் கொடுத்திருந்தார், நான்கே எழுத்து. பம்பாய்க்காரர் தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர், பட்டம், வகிக்கும் சங்கப் பதவி, பம்பாயில் இருக்கும் பேட்டை, பூர்வீக வீட்டுப் பட்டப்பெயர் எல்லாம் கொடுத்திருந்தார். பெட்டி தன் தர்மப்படி சுருக்கிவிட்டது.

எல்லாப் பெட்டிகளையும் தேர்ந்து, ஆட்டோஃபிட்டை எடுத்துவிட்டு, 28 என்று போட்டேன். எட்டில் ஏழு பெட்டி அடங்கின. எட்டாவது வழிந்து கீழ்வீட்டுக்காரர் பெயர்மேல் இறங்கியது. பம்பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். எதையாவது குறைத்தாக வேண்டும் என்று நான் சொன்னேன். பட்டத்தை எடுக்கச் சொன்னார். சங்கப் பதவியும் போயிற்று. பேட்டையும் போனது. இன்னும் ஒரு வரி மிச்சம்.

"தாத்தா பேரு?" என்றேன்.

"தாத்தாவத் தொடப்படாது. அவரு நட்ட பீடம்லா அது."

"வீட்டுப் பட்டப்பேரு?"

"அது இல்லாட்டி ஊர்ல யாருன்னு தெரியாது அண்ணாச்சி." கொஞ்சநேரம் லைனில் ஒன்றும் இல்லை. "ஒண்ணு செய்யுங்க. என் பேரை இன்ஷியலாப் போட்ருங்க."

அப்படியே போட்டோம். எல்லாருக்கும் 28, சுடலைமாடனுக்கு மட்டும் 60. மச்சினர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பில்லை யார் பெயரில் போட என்று கேட்டேன், கமிட்டி பெயரில் போடச் சொன்னார்கள்.